ஊர் வளரும்போது காவலரின் தூக்கம் ஏன் குறைகிறது?

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் குட்ஹியூ என்றொரு சிற்றூர் இருக்கிறது. மக்கள்தொகை ஏறத்தாழ 1,300. 2023 ஆகஸ்டில் அந்த ஊரின் காவல்துறை மொத்தமும் ராஜினாமா செய்துவிட்டது. மொத்தம் என்றால் தலைமை அதிகாரி, முழுநேரக் காவலர் ஒருவர், பகுதிநேரக் காவலர்கள் சிலர், அவ்வளவுதான். மணிக்கு 22 டாலர் சம்பளத்துக்கு இனி யாரும் விண்ணப்பிக்கப் போவதில்லை, பக்கத்து ஊர்கள் இதைவிட எவ்வளவோ அதிகம் தருகின்றன என்று தலைமை அதிகாரி சில வாரங்களுக்கு முன்பே ஊர் கவுன்சிலிடம் சொல்லியிருந்தார். கவுன்சில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் கிளம்பினார், மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். ஊரின் பாதுகாப்பை கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) ஷெரீப் எனும் காவல் தலைவரின் அலுவலகத்திடம் ஒப்பந்தத்தில் விட வேண்டியதாயிற்று.

ஊர் இருக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். வடக்கே மினியாபொலிஸ், செயின்ட் பால் என்னும் இரட்டைப் பெருநகரம். தெற்கே மேயோ மருத்துவமனையால் தழைத்த ராச்செஸ்டர். செழிப்பான இரண்டு வட்டாரங்களுக்கு நடுவில் குட்ஹியூ கிடக்கிறது. ஒரு காவலருக்கு என்ன சம்பளம் கொடுத்தால் அவர் நிற்பார் என்பதை வட்டாரம் முழுவதன் பொருளாதாரம் தீர்மானிக்கிறது. அந்தச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டியதோ 1,300 பேர் கட்டும் வரி. காவலர் நலன் பற்றிய பேச்சு பெரும்பாலும் மனநல ஆலோசனை, யோகா வகுப்பு, கைபேசிச் செயலி என்றே தொடங்குகிறது. என் பார்வையில் அது இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

காவல்துறை மாநில அரசின் கையில் இருக்கும் நாட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கு அமெரிக்க ஏற்பாடு விசித்திரமாகத் தெரியும். அங்கே ஏறத்தாழ 18,000 காவல் அமைப்புகள் இருக்கின்றன. அவற்றில் 12,000-க்கும் மேற்பட்டவை உள்ளூர்க் காவல்துறைகள். இவற்றில் கிட்டத்தட்ட பாதியில் பத்துப் பேருக்கும் குறைவான காவலர்களே வேலை செய்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி பட்ஜெட், தனி சம்பள விகிதம், பல இடங்களில் தனி தொழிற்சங்க ஒப்பந்தம். தலைமை அதிகாரியை நியமிப்பது மேயராகவோ, கவுன்சில் அமர்த்திய நகர மேலாளராகவோ இருக்கலாம். வெர்மான்ட் மாநிலத்தின் பல ஊர்களில் மார்ச் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை பொதுமக்களே கூடி ஊர் பட்ஜெட்டுக்கு வாக்களிக்கிறார்கள். ரோந்துக் கார் வாங்குவதா, சாலையைச் செப்பனிடுவதா என்பதும் அங்கே விவாதத்துக்கு வரும். பணம் வருவது முக்கியமாகச் சொத்துவரியிலிருந்து. சில மாநிலங்களில் விற்பனை வரியில் பங்கு உண்டு. மீதி கட்டணங்களும் அபராதங்களும். அபராதத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அது தனிக் கதை.

இப்போது எட்டுப் பேர் கொண்ட ஒரு காவல்துறையை எடுத்துக்கொள்வோம். ஒரு வாரத்தில் 168 மணி நேரம். ஒருவர் வாரத்துக்கு 40 மணி நேரம் வேலை செய்தால், ஒரே ஓர் ஆள் எந்நேரமும் பணியில் இருப்பதற்கு மட்டும் 4.2 பேர் வேண்டும். விடுமுறை, நோய், பயிற்சி, நீதிமன்ற சாட்சியம் எல்லாவற்றையும் கழித்தால் ஐந்து பேருக்கு மேல் ஆகிவிடும். இரவில் குடும்பச் சண்டை ஒன்றை விசாரிக்கத் தனியாகப் போகக் கூடாது, துணைக்கு இன்னொருவர் வேண்டும் என்றால் பத்துப் பேர் தேவை. எட்டுப் பேரில் ஒருவர் தலைமை அதிகாரி, அவருக்குக் கவுன்சில் கூட்டமும் காகித வேலையுமே சரியாக இருக்கும். ஆக, யாரும் விலகாத நல்ல ஆண்டிலேயே ஓவர்டைம் இல்லாமல் இந்த அட்டவணை நிற்காது. ஒருவர் கூடுதல் சம்பளத்துக்குப் பக்கத்து ஊருக்குப் போய்விட்டால், புதியவர் அகாடமியில் ஐந்து மாதம், பிறகு மூத்தவர் ஒருவருடன் களப்பயிற்சியில் சில மாதங்கள். கவுன்சில் அன்றே ஒப்புதல் கொடுத்தாலும் அந்த இடம் நிரம்ப ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். அதுவரை அந்த மணி நேரங்களை மற்றவர்கள்தான் பங்கிட்டுச் சுமக்க வேண்டும்.

சுமப்பது எப்படி இருக்கும்? மாலை ஆறு மணியிலிருந்து காலை ஆறு வரை ஷிப்ட். அதை முடித்த காவலருக்கு அன்று காலை ஒன்பது மணிக்கு நீதிமன்றத்தில் சாட்சியம். வீட்டுக்குப் போய்த் தூங்கி எழ நேரமில்லை, காரிலேயே உட்கார்ந்து காத்திருக்கிறார். பதினொரு மணி வரை காத்திருந்த பிறகு வழக்கு ஒத்திவைக்கப்படுகிறது. அவர் முந்தைய நாள் மாலை நாலு மணிக்கு எழுந்தவர். இப்போது பத்தொன்பது மணி நேரமாக விழித்திருக்கிறார். பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத மதுபானம் உள்ளவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்று 1997-லேயே ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். முந்தைய இரவு குடித்துவிட்டு வண்டி ஓட்டியவரைப் பிடித்த அதே காவலர் இந்த நிலையில்தான் வீட்டுக்குக் கார் ஓட்டிக்கொண்டு போகிறார். வெயில் அடிக்கும் அறையில் நாலு மணி நேரம் தூங்கினால் பெரிது. மாலை ஆறு மணிக்கு மறுபடியும் ஷிப்ட்.

2011-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஓர் ஆய்வு, அமெரிக்காவிலும் கனடாவிலும் 4,957 காவலர்களைப் பரிசோதித்தது. அவர்களில் 40 சதவீதத்தினருக்கு ஏதாவது ஒரு தூக்கக் கோளாறுக்கான அறிகுறிகள் இருந்தன, பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. மூன்றில் ஒருவருக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறு. தூக்கக் கோளாறு உள்ளவர்கள் வண்டி ஓட்டும்போது கண்ணயர்வதும், சந்தேக நபர்களிடம் கட்டுக்கடங்காமல் கோபப்படுவதும், பொதுமக்களின் புகாருக்கு ஆளாவதும் அதிகம் என்று அந்த ஆய்வு சொன்னது. கடைசி இரண்டும் முக்கியம். காவலரின் உடல்நலம் அவருடைய சொந்த விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு அதைவிட நேரடியான சான்று தேவையில்லை. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரக் காவலர்களைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று, இரவு ஷிப்டையும் மன அழுத்தத்தையும் இதய நோய்க்கான காரணிகளோடு இணைத்துக் காட்டியது. அதை நடத்திய ஜான் வயலான்டியே முன்னாள் நியூயார்க் மாநிலக் காவலர்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஊர் வளர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவது நகர நிர்வாகிகளின் இயல்பு. தொழில் வரும், வரி வரும், ஆள் எடுத்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. கணக்கு தவறில்லை, அதன் காலவரிசைதான் தவறு. வளர்ச்சி முதலில் ஆட்களையும் லாரிகளையும் மதுக்கடைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறது. வரிப்பணம் சாவகாசமாக வருகிறது.

வடக்கு டகோட்டாவின் வில்லிஸ்டன் இதற்குச் சரியான உதாரணம். பாக்கன் பாறைப் படுகையில் எண்ணெய் எடுக்கும் தொழில்நுட்பம் கைகூடியதும், 2010-ல் 14,716 பேர் இருந்த ஊர் 2020-ல் 29,160 ஆகப் பெருகியது. பக்கத்தில் உள்ள வாட்ஃபர்ட் சிட்டி 1,744-லிருந்து 6,207 ஆனது. ஊருக்கு வெளியே தொழிலாளர்களுக்கான தற்காலிகக் குடியிருப்புகள் வரிசை வரிசையாக முளைத்தன. குறுகிய நெடுஞ்சாலைகளில் எண்ணெய் லாரிகளின் நெரிசல், விபத்துகள், கையில் காசோடும் வேறு பொழுதுபோக்கில்லாமலும் இருந்த இளைஞர்களின் சண்டைகள், போதைப்பொருள் வியாபாரம் என அழைப்புகள் குவிந்தன. வீட்டு வாடகையோ நாட்டின் பெருநகரங்களோடு போட்டியிட்டது. எண்ணெய்க் கிணற்றில் லாரி ஓட்டினால் காவலர் சம்பளத்தைவிட அதிகம் கிடைத்த காலம் அது. காவலரே வீடு கிடைக்காமல் திண்டாடினார். ஊழியர்களைத் தக்கவைக்க அவர்கள் குடியிருக்க இடம் பார்க்கும் வேலையும் நகராட்சியின் தலையில் விழுந்தது.

எண்ணெய் வரியை வசூலிப்பது மாநில அரசு. ஊர்களுக்குப் பங்கு பிரிந்து வர வேண்டும். முக்கியமாக மேற்குப் பகுதியின் கவுண்டிகளுக்கும் ஊர்களுக்கும் நெடுஞ்சாலைகளுக்கும் அவசர உதவியாக 110 கோடி டாலர் ஒதுக்கும் சட்டத்தை மாநிலம் நிறைவேற்றியது 2015 பிப்ரவரியில். அதற்குள் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற எண்ணெய் 50 டாலர் அளவுக்கு இறங்கியிருந்தது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே போனது. அலை வடியத் தொடங்கிய பிறகுதான் மணல் மூட்டைகள் வந்து சேர்ந்தன. நடுவில் கழிந்த நாலைந்து ஆண்டுகளை, இருந்த சில டஜன் காவலர்கள் ஓவர்டைமில் தாண்டினார்கள்.

எண்ணெய் போன்ற அதிரடி வளர்ச்சி எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை. சாதாரண ஊர்கள் செய்வது, நெடுஞ்சாலைச் சந்திப்பில் பெரிய வணிக வளாகம் ஒன்றை வரவழைப்பது. அதற்கு அவை அடிக்கடி கையாளும் நிதி உத்தி ஒன்று உண்டு. திட்டப் பகுதியின் சொத்து மதிப்பை இன்றைய நிலையில் உறைய வைப்பார்கள். அதற்குமேல் உயரும் மதிப்புக்கான வரி முழுவதும் ஊரின் பொதுக் கணக்குக்கு வராமல், அந்தத் திட்டத்தின் சாலை, வடிகால், கடன் வட்டி ஆகியவற்றுக்கே போகும். 1952-ல் கலிஃபோர்னியா தொடங்கிவைத்த முறை இது. பிறகு பெரும்பாலான மாநிலங்களுக்குப் பரவியது. இல்லினாய்ஸில் ஒரு திட்டப் பகுதியை 23 ஆண்டுகள் வரை இப்படி வைத்திருக்கலாம். தரிசு நிலத்தில் வளாகம் வந்தால் அங்கே கடைத் திருட்டு, வாகன நிறுத்துமிட மோதல், காரில் தூங்குபவர் பற்றிய புகார் என அழைப்புகள் முதல் நாளிலிருந்தே வரும். அவற்றுக்குப் போகும் காவலரின் சம்பளம் பொதுக் கணக்கிலிருந்து. புதிய சொத்துவரியோ இருபது ஆண்டு கழித்துத்தான் அந்தக் கணக்கை எட்டிப் பார்க்கும். ரிப்பன் வெட்டும் புகைப்படத்தில் மேயர், கட்டுமான நிறுவன அதிபர், வர்த்தகச் சங்கத் தலைவர் எல்லோரும் இருப்பார்கள். இந்த ஏற்பாட்டுக்கு மறைமுகமாகக் கடன் கொடுத்தவர் அந்தப் படத்தில் ஓரமாகப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருப்பார். (கலிஃபோர்னியா தானே தொடங்கிய அந்த மறுமேம்பாட்டு அமைப்புகளை 2012-ல் கலைத்துவிட்டது, பள்ளிகளுக்கும் பொதுச் சேவைகளுக்கும் வரவேண்டிய பணம் வேறுபக்கம் போகிறது என்பதே முக்கியப் புகார்.)

வருவதாகச் சொன்ன வளர்ச்சி வராமலும் போகலாம். விஸ்கான்சின் மாநிலத்தின் மவுன்ட் பிளசன்ட் என்ற ஊரில் ஃபாக்ஸ்கான் நிறுவனம் 1,000 கோடி டாலர் முதலீடு, 13,000 வேலைகள் என்று 2017-ல் அறிவித்தது. ஊர் நிலம் வாங்கியது, சாலை போட்டது, கடன் பட்டது. 2021-ல் திருத்திய ஒப்பந்தத்தில் முதலீடு 67.2 கோடியாகவும் வேலைகள் 1,454 ஆகவும் சுருங்கின. பின்னர் அதே நிலப்பரப்பில் மைக்ரோசாஃப்ட் தரவு மையம் கட்ட வந்தது. காவல்துறையின் கண்ணோட்டத்தில் மட்டும் பார்த்தால் தரவு மையம்தான் லாபகரமான விருந்தாளி: சொத்து மதிப்பு அதிகம், ஆட்கள் குறைவு, சனிக்கிழமை இரவு யாரும் அங்கே அடித்துக்கொள்ள மாட்டார்கள். வேலைவாய்ப்புக்காக ஏங்கும் ஊர் அப்படிப் பார்க்க முடியாது என்பது வேறு விஷயம்.

வளர்ச்சியே இல்லாத ஊர்களின் நிலை இன்னும் மோசம். மிசோரியின் ஃபெர்கசனில் 2014-ல் மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞர் காவலர் ஒருவரால் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு நீதித்துறை அமைச்சகம் நடத்திய விசாரணை, 2015 மார்ச்சில் அறிக்கையாக வந்தது. 21,000 பேர் வாழும் அந்நகரம் 2015 நிதியாண்டுக்கான தன் 1.326 கோடி டாலர் பொது வருவாயில் 30.9 லட்சத்தை அபராதங்களிலிருந்தும் நீதிமன்றக் கட்டணங்களிலிருந்தும் எதிர்பார்த்திருந்தது. ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. விற்பனை வரி குறைந்துபோயிருக்கிறது, எனவே அபராதச் சீட்டுகளை வேகமாக எழுதாவிட்டால் அடுத்த ஆண்டு வசூலை உயர்த்துவது கடினம் என்று நிதி இயக்குநர் 2010-லேயே காவல்துறைத் தலைவருக்கு எழுதியிருந்தார். எத்தனை சீட்டு எழுதினார் என்பதை வைத்துக் காவலர்கள் மதிப்பிடப்பட்டார்கள். அந்த வசூலின் முதல் பலி, பெரும்பாலும் கறுப்பினத்தவரான அந்நகரத்தின் ஏழைகள். அது முதலிலேயே சொல்லப்பட வேண்டும். அதோடு, மக்கள் தன்னை வரி தண்டுபவராகப் பார்க்கும் தெருவில் அன்றாடம் ரோந்து போவது காவலரின் மனநிலையை என்ன செய்யும் என்பதையும் யோசிக்க வேண்டும். ஊர் தன் பொருளாதாரத் தோல்வியைக் காவலரின் கையில் சீட்டுப் புத்தகமாகக் கொடுத்து அனுப்பியது.

ஒன்றிய அரசு சும்மா இருக்கவில்லை. ஒபாமா அமைத்த இருபத்தொன்றாம் நூற்றாண்டுக் காவல் பணிக்குழு 2015-ல் தன் அறிக்கையின் ஆறு தூண்களில் ஒன்றாகக் காவலர் நலனையும் பாதுகாப்பையும் வைத்தது. காவலர் மனநலத்துக்கான தனிச் சட்டம் 2018 ஜனவரியில் கையெழுத்தானது, அதன்கீழ் ஆலோசனைத் திட்டங்களுக்கும் சக காவலர் ஆதரவுக் குழுக்களுக்கும் மானியம் கிடைக்கிறது. பணியில் கண்ட கொடூரத்தின் விளைவாகத் தற்கொலை செய்துகொண்ட காவலரின் குடும்பத்துக்கும் பணிக்கால மரணத்துக்கான உதவி கிடைக்க 2022-ல் வழி பிறந்தது. இவை வெறும் அலங்காரம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எட்டுப் பேர் கொண்ட காவல்துறையில் மானிய விண்ணப்பத்தை எழுதுவது யார்? சக காவலர் ஆதரவுக் குழுவில் இருப்பது யார், ஆதரவு பெறுவது யார்? ஊரில் இருக்கும் ஒரே மனநல ஆலோசகரின் மகனை, உதவி தேடும் காவலரே போன மாதம் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காகப் பிடித்திருக்கலாம். ஆலோசனைக்குப் போனால் துப்பாக்கியையும் அடையாள வில்லையையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்ற அச்சம் பெரிய நகரக் காவலருக்கும் உண்டு. சிற்றூரில் அதற்குமேல், அவருடைய கார் எந்த வாசலில் நின்றது என்பதை மறுநாள் எல்லோரும் அறிவார்கள்.

ஆள் சேர்ப்பதற்கான ஒன்றிய மானியமும் உண்டு. 1994 குற்றச் சட்டத்தின் வழியே வந்தது. புதிய காவலரின் சம்பளத்தில் 75 சதவீதம் வரை, மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்து அதிகபட்சம் 1,25,000 டாலர் கிடைக்கும். நாலாவது ஆண்டு முழுச் செலவும் ஊருடையது. அந்த நாலாவது ஆண்டை நினைத்தே பல சிற்றூர்கள் விண்ணப்பிக்கத் தயங்குகின்றன. விண்ணப்பித்துப் பயிற்சியும் கொடுத்து முடித்தால், வளரும் புறநகர் ஒன்று கூடுதல் சம்பளத்தோடு அவரைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறது. சிற்றூர் பணம் போட்டுப் பயிற்றுவிக்க, பலன் வசதியான ஊருக்கு.

செலவில்லாமல் செய்யக்கூடியவை சில உண்டு, அவை ஷிப்ட் அட்டவணையில் இருக்கின்றன. டெட்ராய்டிலும் டெக்சாஸின் ஆர்லிங்டனிலும் காவலர்களை எட்டு, பத்து, பன்னிரண்டு மணி நேர ஷிப்டுகளுக்குக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தார்கள். 2011-ல் முடிவு வந்தது. பத்து மணி நேர ஷிப்டில் இருந்தவர்கள் எட்டு மணி நேரக்காரர்களைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை மணி நேரம் அதிகம் தூங்கினார்கள். எட்டு மணி நேரக்காரர்கள் அவர்களைவிட ஐந்து மடங்கு ஓவர்டைம் செய்தார்கள். பன்னிரண்டு மணி நேரக்காரர்களிடம் சோர்வும் கவனக்குறைவும் கூடின. பத்து மணி நேர ஷிப்டால் ஊரின் ஓவர்டைம் செலவும் குறையும், காவலரின் தூக்கமும் கூடும். இருந்தும் சின்ன காவல்துறைகள் பலவும் பன்னிரண்டு மணி நேரத்தில்தான் ஓடுகின்றன, காரணம் முன்பே பார்த்த கூட்டல் கழித்தல்தான்: இருபத்து நாலு மணி நேரத்தை இரண்டாகப் பிரிக்க ஆள் போதும், பத்துப் பத்தாகப் பிரித்தால் மூன்று ஷிப்ட் வேண்டும், அதற்குப் போதாது.

அப்படியானால் பக்கத்து ஊர்களோடு சேர்ந்துகொள்ளலாமே என்பது இயல்பான கேள்வி. 1954-ல் நகரமாகப் பதிவான கலிஃபோர்னியாவின் லேக்வுட், சொந்தக் காவல்துறை வைத்துக்கொள்ளாமல் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி ஷெரீபோடு ஒப்பந்தம் போட்டது. அந்த முறைக்கு லேக்வுட் திட்டம் என்றே பெயர் வந்துவிட்டது. பென்சில்வேனியாவில் பல ஊர்கள் கூட்டாக வட்டாரக் காவல்துறைகளை நடத்துகின்றன. ஐம்பது அறுபது பேர் இருந்தால் ஒருவர் விலகினாலும் அட்டவணை குலையாது, பத்து மணி நேர ஷிப்ட் சாத்தியம், மனநல ஆலோசகரை வெளியூரிலிருந்து அமர்த்தலாம். சம்பளச் சந்தை எவ்வளவு பெரிதோ, காவல்துறையும் ஏறக்குறைய அவ்வளவு பெரிதாக இருப்பதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. தடையாக நிற்பது பெரும்பாலும் ஊர்ப் பெருமை: கார் கதவில் எந்த ஊரின் பெயர் எழுதியிருக்க வேண்டும் என்பது.

அதே பென்சில்வேனியாவில் வேறொரு வழியும் உண்டு, எதுவுமே செய்யாமல் இருப்பது. அங்கே உள்ள 2,500-க்கும் மேற்பட்ட உள்ளாட்சிகளில் பாதிக்கு மேற்பட்டவை முழுநேரக் காவலுக்கு மாநிலக் காவல்துறையையே நம்பியிருக்கின்றன, அதற்கெனத் தனிக் கட்டணம் எதுவும் கட்டுவதில்லை. புதிய குடியிருப்புகளும் கடைகளும் வந்து நன்றாகவே வளர்ந்துவிட்ட ஊர்களும் இதில் அடக்கம். 2017-ல் அன்றைய ஆளுநர் டாம் வுல்ஃப், இந்த ஊர்கள் ஆளுக்கு ஆண்டுக்கு 25 டாலர் கட்ட வேண்டும் என்று முன்மொழிந்தார். மாதத்துக்கு இரண்டு டாலர் சொச்சம். சட்டமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை.